சீனியாரிட்டிப்படி ஆளுக்கொரு வார்த்தை

ஜனவரி 9

அண்ணிக்கு,

எல்லோரும் "இங்கு நலம்" என்றுதான் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். இங்கு அவ்வளவு நலமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதன் காரணம் உங்களுக்கே தெரியும். போன் செய்தால் அண்ணன் எடுப்பார். "வண்டி ஓட்டுனது போதுமா, இன்னும் ஆசை தீரலையா?" என்பார். நான் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அதன் பிறகு கொஞ்ச காலம் யாரும் யாரோடும் பேசமாட்டோம்.

விஷயம் இதுதான். நான் பஸ் ஓட்டும் குவாரி ரூட்டின் கடைசி ஸ்டாப்பில் கழிப்பறை கிடையாது. ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, வண்டி திருப்ப இடம், அதைத் தாண்டி ஒரு பெரிய பாறை. ஆண்களுக்குப் பாறை போதும். டிப்போவை விட்டுக் கிளம்பினால் ஷிப்ட் முடிந்துதான் திரும்புவேன். அதுவரை தண்ணீர் குடிப்பதில்லை. குவாரியில் வேலை செய்யும் பெண்களும் அப்படித்தான், வாயைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இப்போது எனக்கு இரண்டாம் முறையாகச் சிறுநீரில் தொற்று வந்திருக்கிறது. டாக்டர் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி குடிங்க, இல்ல அந்த வண்டிய விடுங்க. ரெண்டுல ஒண்ணு."

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர்தான். "டிக்கெட் கவுண்டர்ல ஒரு சீட் காலியாகுதும்மா. ஃபேனுக்கு நேர் கீழ" என்கிறார். ஜூன் மாதம் ரூட் பிரிக்கும் நாள் வருகிறது. அதற்குள் கடைசி ஸ்டாப்பில் கழிப்பறை வராவிட்டால் நான் ஃபேனுக்குக் கீழே போக வேண்டியதுதான். எனக்கு ஃபேன் வேண்டாம், அண்ணி. அந்த ரூட்தான் வேண்டும். மூன்றாவது வளைவில் கியரைக் குறைத்துத் திரும்பினால் ஊர் முழுவதும் கீழே விரித்த பாய் மாதிரி தெரியும். அங்கே வரும்போது பின்சீட்டில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து பார்ப்பார்கள்.

தலைமை அலுவலகத்துக்கு மனு போடப் போகிறோம். புதிதாக வந்திருக்கும் அதிகாரி அம்மாவுக்கு நம் மொழி பேச வரும், படிக்க வராதாம். அதனால் இங்கிலீஷில் போட வேண்டும். நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லா வரியிலும் "சப்போர்ட்" வருகிறது. பயணிகள் சப்போர்ட், மெக்கானிக் சப்போர்ட், மேனேஜர் சப்போர்ட். படித்தால் ஷெட்டில் நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்திய ஓட்டை பஸ் மாதிரி இருக்கிறது. நல்ல வார்த்தைகளாகப் போட்டுக் கொடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுநர் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று வீடே கத்தியது. நீங்கள் மட்டும் சமையலறை வாசலில் நின்று, "எனக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்ல" என்றீர்கள். இந்த மனுவுக்காவது அதைவிடக் கொஞ்சம் தாராளமான வார்த்தையாகக் கொடுங்கள்.

தொற்று விஷயம் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். "நான் அப்பவே சொன்னேன்" என்பதை அவர் வாயால் கேட்க என்னிடம் தெம்பில்லை.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 15

ஸ்டீயரிங்குக்கு,

உன் மனுவில் "சப்போர்ட்" வந்த இடங்களையெல்லாம் பச்சை மையால் வட்டம் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, திராட்சைத் தோட்டமா?" என்று கேட்டார். நான் வேலை பார்ப்பது பிழை திருத்தும் மேஜையில். இங்கே ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

"சப்போர்ட்" கெட்ட வார்த்தை இல்லை. பொது வார்த்தை. தோள் கொடுப்பதும் சப்போர்ட், தூரத்தில் நின்று தலையாட்டுவதும் சப்போர்ட். யார் எதைச் செய்வார் என்று அதிலிருந்து தெரியாது. "பேக்" என்றால் பின்னால் நிற்பது. அப்படிப்பட்டவர் பேசமாட்டார், ஆனால் நீ சாய்ந்தால் முதுகுக்கு அவர் இருப்பார். "எண்டார்ஸ்" பதவியில் இருப்பவர் செய்வது. "இது சரி, என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது. அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்காதே. "அட்வகேட்" என்றால் வாயைத் திறந்து, நாலு பேர் முன்னால் காரணம் சொல்லிப் பேசுவது. "சாம்பியன்" அதற்கும் மேலே. அடுத்தவர் சண்டையைத் தன் சண்டையாக எடுத்துக்கொண்டு முன்னால் போய் நிற்பது. முதல் அடி அவருக்குத்தான் விழும். "எஸ்பௌஸ்" என்று ஒன்று இருக்கிறது. ஒரு கொள்கையைத் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வருவது மாதிரி. உங்கள் டிப்போவில் அது யாருக்கும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கடைசியாக "டஸ் நாட் அப்போஸ்", எதிர்ப்பில்லை. குறுக்கே நிற்கமாட்டார், அவ்வளவுதான். ஆனால் யார் குறுக்கே நிற்கமாட்டார் என்று தெரிந்துகொள்வதும் பயன்தான்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொருவரிடமும் போய், "மேலிடம் முறைச்சா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேள். பதிலை அப்படியே எழுதி எனக்கு அனுப்பு. அதற்கு ஏற்ற வார்த்தையை நான் போடுகிறேன். முக்கியமாக, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. வார்த்தையை முதலில் காட்டினால் ஆளுக்கு ஆள் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள்.

சமையலறை வாசல் பற்றிப் பிறகு எழுதுகிறேன். தண்ணீர் குடி.

அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

முதலில் திட்டிவிடுங்கள். திட்டி முடித்த பிறகு மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தை ஓட்டுநர் அறை மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தால் மேனேஜர் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் கூட்டம். ஒரு கை டீயும் மறு கை ஆயில் வடிகட்டியுமாக மெக்கானிக்கூட வந்து நிற்கிறார். வாசித்து முடித்ததும் எங்கள் மூத்த ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. வழக்கம்போலப் பிரிச்சிடலாம்" என்றார்.

எங்கள் டிப்போவின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட எதுவாக இருந்தாலும் சீனியாரிட்டிப்படிதான் பிரிப்பார்கள். ரூட் அப்படித்தான். பலகையில் எல்லா ரூட்டையும் எழுதிப் போடுவார்கள். மூத்தவர் முதலில் வந்து தனக்குப் பிடித்ததன்மேல் விரலை வைப்பார், அவருக்கு அடுத்தவர் அடுத்தது. லாக்கரும் அப்படி. காலண்டரும் அப்படி. போன மாதம் ஒருவர் ஓய்வு பெற்றபோது கேக் துண்டுகளையும் அப்படித்தான் எடுத்தோம். எனக்கு ஓரத்துத் துண்டுதான் வந்தது.

"அண்ணே, இது ரூட் இல்ல. யார் என்ன செய்வாங்களோ அதுக்கு ஏத்த வார்த்தை" என்றேன்.

"அதான்மா, என்ன செய்யறதுன்னு நாங்க பிரிச்சுக்கிறோம்" என்றார்.

மேனேஜர் சீனியாரிட்டிப் பட்டியலிலேயே இல்லாதவர். ஆனாலும் "நிர்வாகம் முதல்ல" என்று சொல்லிவிட்டு "சாம்பியன்" எடுத்துக்கொண்டார். மனதில் ஏதோ கோப்பை தெரிந்திருக்க வேண்டும். முதல் அடி யாருக்கு என்ற வரி அவர் காதில் விழவே இல்லை. மூத்தவர் "எண்டார்ஸ்" எடுத்தார். "பேர மட்டும் குடுத்தா போதுமாமே." இன்னும் கல்யாணம் ஆகாத டிக்கெட் பரிசோதகர் "எஸ்பௌஸ்" வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். மெக்கானிக், "எஞ்சின் பின்னாடி இருக்கு, நானும் பின்னாடியே இருந்துக்கறேன்" என்று "பேக்" கேட்டார். வாய்ப்பூட்டு என்று நாங்கள் கூப்பிடும் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் முறை வந்தபோது நல்லதில் மிச்சம் இருந்தது "அட்வகேட்"தான். தலையை ஆட்டி எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் "சப்போர்ட்"டைக் கூட்டாகப் பங்கு போட்டார்கள்.

டிப்போவில் நான்தான் கடைசியாகச் சேர்ந்தவள். எனக்கு மிஞ்சியது என்ன என்று சொல்ல வேண்டுமா? "டஸ் நாட் அப்போஸ்." கழிப்பறை கேட்டவளே நான். மனுவில் என் பெயருக்கு நேரே, எனக்கு எதிர்ப்பில்லை என்று இருக்கிறது!

"சார், இதை மாத்துங்க" என்றேன். "வரிசைன்னா வரிசைதாம்மா" என்றார். அன்று மாலையே டைப் அடித்துத் தலைமை அலுவலகத் தபாலில் சேர்த்துவிட்டார். இந்த டிப்போவில் எதையும் இவ்வளவு சுறுசுறுப்பாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

இன்று பதில் வந்திருக்கிறது. மனுவில் பெயர் உள்ள எல்லோரும் பிப்ரவரியில் நேரில் வர வேண்டுமாம்.

என் கதை முடிந்தது. ஃபேன் காத்திருக்கிறது.

நாத்தனார்


ஜனவரி 30

ஸ்டீயரிங்குக்கு,

படித்ததும் எழுந்து ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ கட்டுரையில் வார்த்தை மாறிப் போய்ப் பார்த்திருக்கிறேன். வார்த்தையைக் கேக் மாதிரி வெட்டித் தின்றவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

திருத்தக் கடிதம் ஒன்றை எழுதிப் பார்த்தேன். பிறகு கிழித்துவிட்டேன். காரணம் கேள். அந்த அதிகாரி மேலோட்டமாகப் படிப்பவர் என்றால் முதல் பெயரோடு நிறுத்தியிருப்பார், உங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கமாட்டார். ஒழுங்காகப் படிப்பவர். அப்படிப்பட்டவர் கண் கடைசி வரியில்தான் போய் நிற்கும். உன்னைக் கேட்பார். கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல். அழகுபடுத்தாதே, அழாதே, யாரையும் போட்டுக் கொடுக்காதே. நீ எனக்கு எழுதிய மாதிரியே சொன்னால் போதும்.

இப்போது சமையலறை வாசல். அன்று கூடத்தில் உன் அம்மா, உன் அண்ணன், உன் பெரியப்பா மூன்று பேரும் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே வார்த்தை: "கூடாது." நான் அந்த வீட்டுக்கு வந்து பால் பொங்கும் நேரம்கூட ஆகவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். அந்தக் கூடத்தில் அன்று இருந்த வார்த்தைகளிலேயே பெரியது அதுதான். அதற்கு மேலே ஒன்று இருந்தால் உன் பெரியப்பா தூணோடு சாய்ந்திருப்பார். அடுத்த நாள் காலை நீ பயிற்சிக்குப் போகும்போது உன் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது, அதை யார் கட்டினார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா?

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அளவு சொல்கிறேன்.

தண்ணீர்?

அண்ணி


பிப்ரவரி 18

அண்ணிக்கு,

டிபன் பாக்ஸ் நீங்களா? அம்மா என்று நினைத்து இத்தனை வருடமாக அம்மாவிடம் நன்றியோடு இருந்துவிட்டேன். சரி, அதை வைத்துக்கொள்கிறேன். இனிமேல் உங்களுக்கும் கொஞ்சம்.

விசாரணை நேற்று நடந்தது. நீண்ட மேஜை, ஏ.சி., எல்லோருக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். நான் மட்டும் தொடவில்லை. பழக்கம்.

அதிகாரி அம்மா மனுவைக் கையில் எடுத்து, "சாம்பியன் யாரு?" என்றார்.

மேனேஜர் எழுந்தார். டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். யாரிடம் வாங்கினாரோ, கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"நீங்க இதுக்காக இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு, "இனிமேதான் மேடம்" என்றார்.

அந்த அம்மா சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார். "அட்வகேட்?"

வாய்ப்பூட்டு எழுந்து நின்றார். அவர் தொண்டையைச் செருமினார். "குவாரி ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க, பஸ் ஏறினதும் முதல்ல கேக்கறது டிக்கெட் இல்ல மேடம். இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்னு கேக்கறாங்க. என் சம்சாரமும் அங்கதான் வேலைக்குப் போறா." உட்கார்ந்துவிட்டார். அவர் டிப்போவில் சேர்ந்ததிலிருந்து பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் மனைவி எங்கே வேலை பார்க்கிறார் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு வேளை தினமும் என் வண்டியில்தான் வருகிறாரோ என்னவோ!

கடைசியில் நீங்கள் சொன்னபடியே என் பெயரில் வந்து நின்றார். "இந்த ரூட்டை ஓட்டுறது நீங்கதானே? நீங்க வெறும் எதிர்ப்பில்லைன்னு போட்டிருக்கீங்க. உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும் மேடம். நான்தான் முதல்ல கேட்டது. வார்த்தைய சீனியாரிட்டிப்படி பிரிச்சாங்க. எனக்கு மிஞ்சினது இதுதான்."

அறை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"ரூட்டும் இப்படித்தான் பிரிப்பீங்களா?"

"ஆமாங்க மேடம். எப்பவும் அப்படித்தான்."

"நீங்க கடைசியா எப்போ குவாரி ரூட் ஓட்டுனீங்க?"

"நானா? புதுசா சேர்ந்தப்போ. அப்புறம் யாருங்க அதை எடுப்பாங்க, அங்க ஒரு..." அதோடு நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"வசதி இல்லாத ரூட் கடைசி ஆளுக்குப் போகுது. கடைசி ஆள் பேசினா மேல கேக்கறதில்ல. வார்த்தையும் அப்படியே வந்து சேர்ந்திருக்கு" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கூட்டிப் பார்த்துச் சொல்வது மாதிரி சொன்னார். மே மாதத்துக்குள் கட்டி முடிக்க உத்தரவு போடுகிறேன், பொறுப்பு சாம்பியனுக்கு என்றார். மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

திரும்பும் வண்டியில் மூத்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் அண்ணே. நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

"அப்போ சத்தமா சொல்லியிருக்கணும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இல்ல, நான் பேப்பரை மடிச்சிருக்கணும்" என்றார்.

நாத்தனார்


பிப்ரவரி 25

ஸ்டீயரிங்குக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சிரித்ததில் பக்கத்து மேஜைக்காரருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவருக்கு இப்போது வாய்ப்பூட்டின் ரசிகர் என்று பெயர்.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களை என் கைப்பையில் வைத்திருந்தேன். உன் அண்ணன் குடைக்காகப் பையைத் துழாவியிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே முதல் கடிதத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வரும்போது பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். மூடியில் கைப்பிடி இருக்கிறது. மேஜைமேல் வைத்துவிட்டு, "ஸ்டீயரிங் பக்கத்துல வெக்க இடம் இருக்குமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

பார்சலில் வருகிறது. யார் வாங்கியது என்று தெரியாத மாதிரி இரு.

அண்ணி


ஜூன் 2

அண்ணிக்கு,

இடம் இருக்கிறது. வலது பக்கம், கை எட்டும் தூரத்தில். தினமும் நிரப்புகிறேன். நிரப்பியது போலக் காலியும் ஆகிறது. டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னிடம் சிரித்தார்.

கழிப்பறை வந்துவிட்டது. பெண்களுக்கு ஒரு கதவு, ஆண்களுக்கு ஒரு கதவு, கண்ணாடி, வாளி, தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. மேனேஜர் கட்டட வேலை நடந்த நாளெல்லாம் குடையோடு அங்கேயே நின்றார். சிமென்ட் சரியில்லை என்று ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினாராம். தலைமை அலுவலகம் பணத்தை இழுத்தடித்தபோது நேரே போய் அந்த அம்மா அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். இப்போது யார் அவரைச் சார் என்று கூப்பிட்டாலும், "சாம்பியன்னு கூப்பிடு" என்கிறார். கூப்பிடுகிறோம். இனி அதில் ஒன்றும் தப்பில்லை. திறந்த அன்று மூத்தவரும் வந்திருந்தார். ஆண்கள் பக்கத்தை முதலில் பயன்படுத்தியது அவர்தான். வெளியே வந்து, "காத்தோட்டமா இருக்கு" என்று சான்றிதழும் கொடுத்தார்.

ஆனால் நேற்று ரூட் பிரிக்கும் நாள். எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. குவாரி ரூட்டில் இப்போது எல்லாம் இருக்கிறது. புதுக் கழிப்பறை, நெரிசல் இல்லாத ரோடு, மூன்றாவது வளைவு. இனிமேல் அதை யார் கடைசி ஆளுக்கு விடுவார்கள்? நானே பாடுபட்டு என் ரூட்டை எனக்கு இல்லாமல் செய்துகொண்டேன் என்று நினைத்துச் சுவரோரமாக நின்றேன்.

மூத்தவர் பலகைக்குப் போனார். விரலை நீட்டினார். விரல் நேரே குவாரியில் போய் நின்றது.

மேனேஜர் பின்னாலிருந்து, "அங்க லேடீஸ் டாய்லெட் மட்டும்தான் கட்டியிருக்கு" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ஆண்கள் பக்கத்துச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மூத்தவர் திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் பலகையைப் பார்த்தார். "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்று விரலை எடுத்து, ரயில்வே ஸ்டேஷன் ரூட்டில் வைத்தார்.

அடுத்தவர் வந்தார். "ஓகோ, லேடீஸ் மட்டும்தானா? எனக்கும் தெரியாதே." அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். வரிசையாக ஒவ்வொருவரும் குவாரிமேல் விரலை வைத்து, "தெரியாதே" என்று சொல்லி எடுத்தார்கள். கடைசியில் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. வாய்ப்பூட்டு வந்து, பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "தெரியாது" என்றார். இந்த வாரத்துக்கு அவருடைய கணக்கில் ஒன்று கழிந்தது. என் முறை வந்தபோது பலகையில் ஒரே ஒரு ரூட்தான் இருந்தது.

நான் விரலை வைத்தேன், அண்ணி.

கேட்க வேண்டியது இதுதான்: இப்படிச் செய்கிறவர்களுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை? உங்கள் பட்டியலில் தேடினேன், இல்லை.

குவாரி ரூட்


ஜூன் 8

குவாரி ரூட்டுக்கு,

நீ கேட்டதற்கு இரண்டு நாள் தேடினேன். பக்கத்து மேஜைக்காரரும் தேடினார். கிடைத்ததெல்லாம் ஆளைவிடப் பெரிதாகிப்போன சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கின்றன. "தெரியாதே" என்று விரலை எடுக்கிறவருக்குக் கொடி, மேடை எல்லாம் பொருந்தாது. கடைசியில் மெக்கானிக் எடுத்த சின்ன வார்த்தையிலேயே நிறுத்திக்கொண்டேன். "பேக்." சாய்ந்தால் முதுகுக்கு இருப்பவர்கள். அவர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நீ ஓட்டும் முதல் வண்டியில் முன்சீட்டு வேண்டும். மூன்றாவது வளைவு எந்தப் பக்கம் தெரியும் என்று உன் அண்ணன் நேற்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஜன்னலோரம் அவருக்குத்தான் என்று முடிவும் செய்துவிட்டார்.

இன்னொன்று. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவர் மெதுவாக என்னிடம் வந்து, "எல்லாருக்கும் ஆளுக்கொரு வார்த்தை குடுத்தீங்களே, எனக்கு எதுவும் இல்லையா?" என்றார். மற்றதெல்லாம் எடுத்தாகிவிட்டது, மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது, உங்க தங்கச்சிக்கு மிஞ்சினதுதான் என்று சொல்லி, "எதிர்ப்பில்லை"யைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி நின்றார்.

"இது போதுமா?" என்றார்.

"இந்த வீட்டுல முதல்ல எல்லாரும் இதிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்றேன்.

வாங்கிக்கொண்டார்.

அண்ணி